காய்ச்சல் வராத பிள்ளை

“இந்தப் பொண்ணுக்கு எப்பவாவது காய்ச்சல் வந்திருக்கா?”

குழந்தைகள் டாக்டரம்மா அப்படிக் கேட்டபோது பெற்றவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை தலைதூக்கியது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவள் காதில் விழுவதெல்லாம் குறைகள்தான். மகள் வளரவில்லை. காது மந்தம். லேசாகத் தடுக்கி விழுந்தாலே எலும்பு முறிகிறது. எப்போதாவது வலிப்பு வருகிறது. பேச்சு ஐந்தாறு சொல்லோடு நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து ஆமாம் போட்டுப் போட்டு அலுத்துப்போனவளுக்கு, நிமிர்ந்து பதில் சொல்ல ஒரு கேள்வி அன்றைக்குத்தான் கிடைத்தது.

“வந்ததே இல்ல டாக்டர். சளி, இருமல், அம்மை, ஒண்ணும் கிடையாது. எங்க லைன் வீடுகள்ல காய்ச்சல் வந்து ஆளாளுக்குச் சுருண்டு கிடப்பாங்க. இவ மட்டும் எல்லா வீட்டுக்கும் போய் வந்துட்டு இருப்பா. அந்த விஷயத்துல இவ இரும்பு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் வேறு மாதிரி ஆனது.

“ஒரு தடவைகூட இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“வயித்தால போயிருக்கு. காய்ச்சல்னு படுத்ததில்ல.”

“தடுப்பூசி போட்ட அன்னைக்கு?”

“அப்பவும் இல்ல. மத்த பிள்ளைங்கல்லாம் வீட்டையே ரெண்டாக்கும். இவ பாட்டுக்குத் தூங்கிடுவா.”

மகளின் கையிலிருந்து பயறு அளவு தோலை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தோலின் செல்களை வளர்த்துப் பார்ப்பார்களாம். முடிவு வரச் சில மாதம் ஆகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “செல்லையெல்லாம் வளர்ப்பாங்களா? என் செல்லு சார்ஜ் போட்டாலே நிக்கமாட்டேங்குது. அதையும் குடுத்து வளர்க்கச் சொல்லேன்.”

அக்கா தங்கை இருவருக்கும் ஒரே கம்பெனியில்தான் வேலை. தைத்த சட்டைகள் கடைசியாக வந்து சேரும் கூடம் அது. அக்கா நூல் வெட்டும் மேசையில் உட்கார்ந்திருப்பாள். தையல் மெஷின் விட்ட நூல் முனைகளையெல்லாம் சின்னக் கத்தரியால் ஒட்ட நறுக்குவது அவள் வேலை. தங்கை அடுத்த மேசையில் செக்கிங். ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி எறிந்துவிடுவாள். “அக்காவாவது ஆட்டுக்குட்டியாவது. நூல் நீட்டுனா திரும்பித்தான் வரும்” என்பாள். சாப்பாட்டு நேரத்தில் அதே அக்காவின் டப்பாவில் கையை விட்டுத் தின்பதும் அவள்தான்.

மகளுக்குப் ‘பொத்தான்’ என்று பெயர் வைத்ததும் தங்கைதான். பன்னிரண்டு வயசுப் பெண்ணை ஆறு வயசுக்கு மேல் யாரும் சொல்லமாட்டார்கள். “சட்டைக்குப் பொத்தான் தைக்க வேணாம்க்கா. இவளையே எடுத்து மாட்டிடலாம்.” வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். தங்கை சொன்னதால் அதுவே பெயராகிவிட்டது. வேறு ஊருக்கு வேலைக்குப் போன அக்காவின் புருஷன் அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகு, பொத்தானைத் தூக்கி வளர்த்ததில் பாதி தங்கையின் இடுப்புதான்.

அக்காவுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. கத்தரி பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போகும் நேரத்தில், சோறு இறங்காத நேரத்தில், அந்தப் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் அதை வாய்விட்டே கேட்டாள்.

“எனக்கப்புறம் இவளை யாருடி பாத்துக்குவாங்க?”

“ஏன், நான் செத்தா போயிட்டேன்? என்கூட இருப்பா. இதெல்லாம் ஒரு கேள்வின்னு கேக்குற பாரு.”

அந்த ஒரு பேச்சின் மேல்தான் அவள் இத்தனை நாளும் தூங்கி எழுந்துகொண்டிருந்தாள்.

லைனில் மற்றவர்களும் பொத்தானை வேண்டாத பிள்ளையாக ஒதுக்கவில்லை. அதற்குக் காரணம் அவளுக்குக் காய்ச்சல் வராது என்பதுதான். ஒரே தாழ்வாரம், வரிசையாக அறைகள், கோடியில் ஒரு குழாய். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். குளிர் மாதத்தில் யாராவது படுத்துவிட்டால், “பொத்தானை அனுப்பேன், கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுக்கட்டும்” என்று ஆள் வரும். பொத்தான் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். நெற்றியில் ஈரத்துணி போடுவாள், டம்ளரைப் பிடித்துக்கொள்வாள், சளி துடைத்த துணியை வாளியில் போடுவாள். பேசத் தெரியாதவள் என்பதால் நோயாளிக்குத் தொந்தரவும் இல்லை. முடிந்ததும் அடுத்த வீடு. வளராத பிள்ளைக்குக் கடவுள் இந்த ஒரு வரத்தையாவது கொடுத்தானே என்று பெற்றவள் நினைத்துக்கொள்வாள்.

போன குளிர் மாதத்தில் தங்கைக்கே காய்ச்சல் வந்தது. கைக்குழந்தைக்காரி. ஆண்பிள்ளை, அப்போதுதான் குப்புறப் படுக்கத் தொடங்கியிருந்தான். தாய்க்குக் காய்ச்சல் என்றால் பிள்ளையைத் தள்ளி வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை அக்காவின் அறைக்குக் கொண்டுவந்தார்கள். தங்கையைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுப்பதும் பொத்தானின் பொறுப்பு. தங்கையே படுக்கையில் இருந்தபடி செய்த ஏற்பாடு அது. “நீ கிட்ட வராதக்கா, உனக்கும் வந்துடும். பொத்தான் போதும்.” என்ன மூளை இவளுக்கு என்று லைனே மெச்சியது.

ஒரு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சு கட்டி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறுநாள் பிள்ளை இல்லாமல் வெறும் துணியோடு திரும்பினார்கள். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. தள்ளித்தானே வைத்திருந்தோம் என்று தங்கை சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொத்தான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது தங்கை மறுபடியும் உண்டாகியிருந்தாள். வயிறு நன்றாக வெளியே தெரிந்தது. முடிவு வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும், “நானும் வரேன். அவங்க பேசுறது உனக்குப் பாதி புரியாது, எனக்குப் பாதி புரியாது. ரெண்டு பாதியும் சேர்ந்தா முழுசா புரிஞ்சிடும்” என்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அறையில் டாக்டரம்மாவோடு இன்னொருவர் இருந்தார். ஆய்வுக்கூடத்துக்காரர், பொத்தானின் செல்களை வளர்த்தவர். பொத்தானைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பொத்தான் சித்தியின் முந்தானைக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா மெதுவாகத்தான் ஆரம்பித்தார். “ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் புரதம் தயாராகும். தயாரானா மட்டும் போதாது. பெரும்பாலான புரதத்துக்கு மேல ஒரு சர்க்கரைச் சங்கிலியைக் கோக்கணும். டீயில போடுற சர்க்கரை இல்ல, அந்த இனம்னு வெச்சுக்குங்க. சங்கிலி நீளமா வரும். கோத்த பிறகு நுனியை வெட்டணும். ஒரு நுனி, அப்புறம் அடுத்தது. வெட்ட வெட்டத்தான் புரதம் சரியா மடிஞ்சு உருவத்துக்கு வரும். இவளுக்கு அந்த முதல் வெட்டு விழல. வெட்ட வேண்டிய நொதி வேலை செய்யல. நொதின்னா...”

“கத்தரி,” என்றாள் அவள்.

“ஆமா. கத்தரிதான்.”

தங்கை குறுக்கே புகுந்தாள். “நூல் வெட்டாத சட்டை என் மேசையைத் தாண்டாது டாக்டர்.”

“செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு மேசை இருக்கும்மா. நிறைய அங்கயே நின்னுடுது. கொஞ்சம் அரைகுறையா வெளிய போகுது. வளருன்னு உடம்பு சொல்ற சேதியை வாங்கிக்கிறதும் புரதம்தான். அது அரைகுறையா இருந்தா சேதி போய்ச் சேராது. வளர்த்தி, எலும்பு, காது, மூளை, எல்லாத்துலயும் இதோட கை இருக்கு.”

பால் போதவில்லை, முட்டை போதவில்லை, தாய்க்காரி சரியில்லை என்று பன்னிரண்டு வருஷமாக யார் யாரோ சொன்னார்கள். அவளும் நம்பினாள். ஊரார் சட்டைக்கெல்லாம் நாள் முழுக்க முனை நறுக்குகிறவளுக்கு, அவள் பெற்ற உடம்புக்குள்ளேயே நறுக்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. தன் விரல்களைப் பார்த்தாள். கத்தரி வளையம் அழுத்தி அழுத்திக் காய்த்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

“நான் ஏதாவது தப்பு செஞ்சதாலயா டாக்டர்?”

“இல்லவே இல்ல. அந்தக் கத்தரியைச் செய்ற குறிப்பு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு வரும். ஒண்ணு நல்லா இருந்தாலே போதும். இவளுக்கு ரெண்டும் பழுதா வந்திருச்சு. யாரும் வேணும்னு செஞ்சதில்ல.”

“இப்ப அந்தக் கத்தரியைக் குடுக்க முடியாதா? மாத்திரை, ஊசி, ஏதாவது?”

டாக்டரம்மா தலையை ஆட்டினார். “இவளுக்கு வந்திருக்கிற வகைக்கு இப்போதைக்கு இல்லம்மா.”

தங்கை அக்காவின் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். ‘நான் இருக்கேன்ல’ என்று அர்த்தம். அவளுக்கு அந்தக் கை போதுமாக இருந்தது.

ஆய்வுக்கூடத்துக்காரர் அதுவரை பொறுமையில்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். அடுத்தடுத்து இரண்டு படங்கள். “இதைப் பாருங்கம்மா. இது வேற ஒருத்தரோட செல். இது உங்க பொண்ணோடது. ரெண்டுலயும் குளிர்காலத்துல வருமே, அந்தக் காய்ச்சல் வைரஸை விட்டோம். இந்தப் பக்கம் பாருங்க.”

வேறொருவரின் படத்தில் எல்லாம் சிதைந்து, உரிந்து, நீரில் மிதக்கும் தவிடுபோல் கிடந்தது. பொத்தானின் படத்தில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் படுத்திருந்தன.

“வைரஸுக்குச் சொந்தமா மெஷின் கிடையாது. நம்ம செல்லுக்குள்ள புகுந்து நம்ம மெஷின்லயே தனக்குச் சட்டை தைச்சுக்கும். அதோட சட்டைக்கும் அதே சர்க்கரைச் சங்கிலிதான், அதே கத்தரிதான். இவ செல்லுல அந்தக் கத்தரி இல்ல. அதனால வெளிய வர்ற வைரஸ் எல்லாம் கோணல்மாணலா, நூல் தொங்குற சட்டையோட வருது. அடுத்த செல்லு அதை உள்ள விடாது. ஒரே சுத்துல கதை முடிஞ்சுது. சட்டை போடாத வைரஸும் உண்டு, வயித்துக்கு வர்றது சிலது. அதுக்கு இது பொருந்தாது. மத்தபடி நீங்க சொன்னது சரிதான், காய்ச்சல் விஷயத்துல இவ இரும்பு.”

“அப்போ,” என்றாள் அவள். “வளராம இருக்கிறதும் காய்ச்சல் வராம இருக்கிறதும் ஒண்ணா?”

“ஒரே காரணம்தான்.”

அவளுக்குச் சட்டென்று அந்த அறை பிடிக்காமல் போனது. வரம் என்று எதை நினைத்தாளோ அது நோயின் மறுபக்கம். மகளுக்குத் தடுப்பூசியில் காய்ச்சல் வராத அன்றைக்கு அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாளே, அன்றைக்கே உடம்பு சொல்லியிருக்கிறது. அவள் அதைக் கேட்டுவிட்டுக் கைதட்டியிருக்கிறாள்.

ஆய்வுக்கூடத்துக்காரர் நிறுத்தவில்லை. “இன்னொண்ணு சொல்றேன். இந்தக் கத்தரியைச் சில நாள் மட்டும் நிறுத்தி வெச்சா காய்ச்சலை மடக்கலாமான்னு சிலர் மருந்து தேடிட்டு இருக்காங்க. உங்க பொண்ணோட செல் அதுக்கு ரொம்ப உதவும். நீங்க சம்மதிச்சா...”

“என் பொண்ணுக்கு நோய். ஊருக்கு அது மருந்து.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்ப்பவள்போல் சொல்லிப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்துக்காரருக்கு முகம் சிவந்தது. “மன்னிச்சுக்குங்கம்மா. நான் அப்படி நினைச்சுச் சொல்லல” என்று உட்கார்ந்துவிட்டார்.

நிலைமையைச் சமாளிக்கத்தான் தங்கை பேச்சை மாற்றினாள். எப்போதும் அவள் செய்கிற உதவி அது. வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

“எங்களுக்கு இதுலயும் ஒரு நல்லது இருக்கு டாக்டர். நான் பிரசவம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பணும். பிள்ளையைப் பொத்தான்கிட்டதான் விடப்போறேன். இனி ரெண்டு பேரும் என்கிட்டதான். காய்ச்சல் இவகிட்ட அண்டாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ இவ மூலமா பிள்ளைக்கும் எதுவும் வராது. எனக்கு அந்த ஒரு நிம்மதி.”

“அப்படி இல்லம்மா,” என்றார் டாக்டரம்மா. ரொம்பச் சாதாரணமாக, தினமும் நூறு தாய்மாருக்குச் சொல்வதைச் சொல்லும் குரலில். “இவ உடம்புக்குள்ள வைரஸ் பெருகாது, அவ்வளவுதான். கையில பட்டது கையில இருக்கும். காய்ச்சல்காரங்க மூக்கைத் துடைச்ச கையோட வந்து குழந்தையைத் தூக்கினா, அந்தக் கை யாரோடதா இருந்தா என்ன? சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடணும். எல்லாரையும் மாதிரிதான்.”

தங்கையின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டாள்.

அக்காவுக்குத்தான் முதலில் அந்த அறை கண்ணில் வந்தது. தன் அறை. பிள்ளை பாயில் கிடக்கிறான். அவள் தங்கையின் வாசல்வரை போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வருகிறாள். நேராகக் குழாயடிக்குப் போகிறாள், முழங்கைவரை சோப்புத் தேய்க்கிறாள், பிறகுதான் பிள்ளையிடம் குனிகிறாள். உள்ளேயே போகாதவளுக்கு அத்தனை கவனம். பொத்தான் அதே வாசலிலிருந்து வருகிறாள். சித்தியின் மூக்கைத் துடைத்த கை. சித்தி வாய்வைத்துக் குடித்த டம்ளரைக் கழுவாமலே அதில் பிள்ளைக்குப் பாலை ஆற்றுகிறாள். பிள்ளை அழுதால் தன் சுண்டுவிரலைச் சப்பக் கொடுக்கிறாள். அக்கா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கையைக் கழுவு என்று சொல்ல அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எதற்குத் தோன்ற வேண்டும்? பொத்தானுக்குத்தான் வராதே.

தங்கையின் மனசு இப்போது எங்கே இருக்கிறது என்று அவளால் சொல்ல முடிந்தது. படுக்கையில். போர்த்திக்கொண்டு. “பொத்தான் போதும்” என்று சொல்லிக்கொண்டு.

டாக்டரம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னாச்சு?”

போன குளிர் மாதத்தில் நடந்ததை அக்காதான் சொன்னாள். இரண்டு வாக்கியம். அதற்குமேல் தேவைப்படவில்லை.

டாக்டரம்மாவின் கை மேசையில் எதையோ தேடியது. “காத்துல வந்திருக்கலாம். லைன்ல வேற யார்கிட்ட இருந்தாவது வந்திருக்கலாம். உங்ககிட்ட இருந்தே, காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. தயவுசெஞ்சு அப்படி முடிவு பண்ணாதீங்க.”

“ஆமாடி,” என்றாள் அவள். “காத்துல வந்திருக்கும். அத்தனை பேர் இருமிட்டு இருந்தாங்களே.”

தங்கை அவளைப் பார்த்தாள். செக்கிங் மேசையில் ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. குற்றம் சொல்லும் பார்வையாக இருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். யாருடைய கை என்று தங்கை தேடிக்கொண்டிருந்தாள். பொத்தானின் கையா, சொல்லாமல் விட்ட அக்காவின் வாயா, அனுப்பு என்று சொன்ன தன் வாயா.

பொத்தானுக்கு இதில் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேச்சு நின்றது மட்டும் தெரிந்தது. பேச்சு நின்றால் அவள் செய்வது ஒன்றுண்டு. சித்தியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, உள்ளே உதைப்பதற்காகக் காத்திருப்பாள். உதைத்தால் சிரிப்பாள். இப்போதும் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி வந்து, வயிற்றில் கையை வைத்தாள். அண்ணாந்து சித்தியின் முகத்தைப் பார்த்தாள்.

தங்கை அந்தக் கையைப் பார்த்தபடி இருந்தாள். நகத்தில் அழுக்கு, மணிக்கட்டில் தோல் எடுத்த இடத்துத் தழும்பு. பிறகு மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, வலிக்காமல் தூக்கி, பொத்தானின் பக்கமே கொண்டுபோய் விட்டாள். பொத்தான் மறுபடியும் வைத்தாள். தங்கை மறுபடியும் எடுத்துவிட்டாள்.

“அடியே,” என்றாள் அவள். “என்னையத் திட்டு. எதையாவது சொல்லு.”

தங்கை நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். ஆய்வுக்கூடத்துக்காரர் பதறி எழுந்து வழிவிட்டார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பின்னால் போகப் பார்த்த பொத்தானை அக்கா எட்டிப் பிடித்துச் சட்டையோடு இழுத்துக்கொண்டாள். தங்கை கதவைத் தோளால் தள்ளித் திறந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.